விருந்தும் அளவும்: கிரேக்கப் பந்தி முதல் யவனர் தேறல் வரை

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே முதற்பொருள். அது புதிதாக வந்த மனிதரைக் குறித்துப் பின்னர் அவருக்கு இடும் உணவையும் குறிக்கலாயிற்று. இப்பொருளை நோக்கின், பல நாட்டு உணவையும் பானத்தையும் ஒரே அமர்வில் சுவைப்பதைக் காட்டிலும் அப்பெயருக்குப் பொருத்தமானது வேறில்லை எனலாம். ஆயின் புதுமைக்கு ஓர் இடர் உண்டு. பழகிய உணவின் அளவை நாவும் வயிறும் அறியும். புதியதன் அளவை அவை அறியா. ஒவ்வொன்றிலும் சிறிது என்று தொடங்குபவர், பத்தாவது கலத்தை நெருங்கும்போது அச்சிறிதெல்லாம் சேர்ந்து பெரிதானதை உணரும் நிலையில் இரார்.

இவ்விடரை மாந்தர் எவ்வாறு எதிர்கொண்டனர்? தனியொருவரின் மனவுறுதியை நம்பினரா? அன்றிப் பந்தியிலேயே ஓர் ஒழுங்கை அமைத்தனரா? இவ்வினாவிற்குப் பண்டைக் கிரேக்கரின் வாழ்வு தெளிவானதொரு விடையைத் தருகிறது. அவ்வரலாற்றின் ஒரு முனை நம் கடற்கரையையும் தொடுகிறது.

பல துறைமுகங்களின் சுவை

கி.மு. 5, 4ஆம் நூற்றாண்டுகளில் ஏதென்ஸ் நகரத்துச் செல்வர் தம் மண்ணின் விளைவை மட்டும் உண்டவரல்லர். ஹெர்மிப்பஸ் என்னும் நகைச்சுவை நாடகப் புலவர் அந்நகருக்குக் கப்பலில் வந்தவற்றை நீண்ட பட்டியலாகத் தருகிறார். ரோட்ஸ் தீவின் உலர்ந்த திராட்சையும் அத்தியும், பினீசிய நாட்டுப் பேரீச்சை, சிசிலியின் பாலாடைக்கட்டி, ஹெல்லஸ்பாண்ட் நீரிணையின் உப்பிட்ட மீன் ஆகியன அதில் உள்ளன. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் ஈழத்து உணவும் பிற நாட்டுப் பொருள்களும் குவிந்து கிடந்தமை இங்கு ஒப்பு நோக்கத்தக்கது. மதுவோ கியோஸ், தாசோஸ், லெஸ்போஸ் முதலிய தீவுகளிலிருந்து வந்தது. சாடியின் வடிவத்தைக் கண்டே ஊரைச் சொல்லிவிடலாம்.

இச்சுவைகளைத் தேடிப் பயணம் செய்த ஒருவர் நூலே இயற்றினார். சிசிலித் தீவின் கேலா நகரத்தவரான அவர் பெயர் ஆர்க்கெஸ்ட்ராட்டஸ், காலம் கி.மு. 4ஆம் நூற்றாண்டு. எந்த ஊரில் எந்த மீனை எப்பருவத்தில் உண்ண வேண்டும் என்று செய்யுளில் சொன்னவர் அவர். அந்நூல் முழுமையாகக் கிட்டவில்லை. பல நூற்றாண்டுகளுக்குப் பின் எகிப்தின் நாக்ராட்டிஸ் நகரத்து அதீனேயஸ் தொகுத்த பதினைந்து பகுதிகள் கொண்ட பெருநூலில் அதன் சிதறல்கள் எஞ்சியுள்ளன.

இன்பச் சுவையைப் பாட வந்த இவர் அளவைப் பற்றியும் பேசுகிறார் என்பதே வியப்பு. ஒரு பந்தியில் மூவர், நால்வர், மிகுந்தால் ஐவர்; அதற்கு மேற்பட்டால் அது கூலிப்படையின் உணவுக்கூடம் என்கிறார். உண்ணாமல் தவளைபோலக் குடித்துக்கொண்டே இருக்கும் சிரக்கூசர்களைப் பின்பற்றாதீர். மதுவோடு சிற்றுணவும் கொள்க என்கிறார். பினீசியாவின் பைப்ளஸ் மதுவைப் பற்றி அவர் சொல்வது இன்னும் நுட்பமானது. பழகாதவர் அதைத் திடீரெனச் சுவைத்தால் லெஸ்போஸ் மதுவினும் மணமிக்கதாகத் தோன்றும். தொடர்ந்து பருகினால் அது மிகத் தாழ்ந்தது என்பது விளங்கும் என்பது அவர் கருத்து. முதல் மிடறு தரும் மயக்கம் வேறு, சுவையின் உண்மை வேறு என்பதை இதனினும் தெளிவாகச் சொல்ல இயலாது.

பந்தி வகுத்த ஒழுங்கு

கிரேக்கரின் விருந்து இரு பகுதிகளை உடையது. முதலில் உணவு. அது முடிந்து மேசைகளை அகற்றிக் கைகழுவிய பின்னரே மதுக்கூட்டம் தொடங்கும். வெறும் வயிற்றில் மது சேராமைக்கு இம்முறையே காவலாயிற்று.

அடுத்தது நீர். கலவாத மதுவைத் தெய்வத்திற்கு ஒரு துளி படைத்துச் சுவைப்பதோடு சரி. பின்னர் ஒரு பெருங்கலத்தில் மதுவையும் நீரையும் கலந்தே அனைவருக்கும் வார்ப்பர். மூன்று பங்கு நீருக்கு ஒரு பங்கு மது என்பது ஹெசியட் என்னும் பழம்புலவர் உழவருக்குச் சொன்ன அளவு. கலவையின் அளவையும் கலங்களின் எண்ணிக்கையையும் விதிக்கக் கூட்டத்தாரே ஒரு தலைவரைத் தேர்ந்தனர்.

மூன்றாவது கிண்ணம். செனபோன் எழுதிய விருந்து நூலில் சாக்ரடீஸ் பயிரை உவமை காட்டுகிறார். ஒரே முறையில் பெருமழை பெய்தால் செடி நிமிர்ந்து நிற்காது. வேண்டும் அளவே நீர் பெற்றால் நேராக வளர்ந்து பயன் தரும். ஆகவே பணியாளர் சிறு கிண்ணங்களில் அடுத்தடுத்து வார்க்கட்டும் என்கிறார். காவிரிப் பாசனத்தை அறிந்த நமக்கு இவ்வுவமை அயலானதன்று.

நான்காவது எண்ணிக்கை. யூபுலஸ் என்னும் நாடகப் புலவர் மதுத் தெய்வத்தின் கூற்றாக இதனை வகுக்கிறார். அறிவுடையோர்க்கு மூன்று கலமே அளவு. முதலது உடல்நலத்திற்கு, இரண்டாவது காதலுக்கும் இன்பத்திற்கும், மூன்றாவது உறக்கத்திற்கு. அதனோடு அவர்கள் வீடு திரும்புவர். நான்காவது செருக்கிற்கு உரியது. அதன்பின் கூச்சல், அடிதடி, வழக்கு எனப் படி ஏறிப் பத்தாவது கலம் பித்தில் முடியும்.

ஒழுங்கு உடைந்த இரவுகள்

இவ்வொழுங்கின் வலிமையையும் மென்மையையும் பிளேட்டோவின் விருந்து நூல் ஒருசேரக் காட்டுகிறது. நாடகக் கவிஞர் அகத்தோன் கி.மு. 416இல் பரிசு பெற்றதை ஒட்டிய கூட்டம் அது. முந்திய நாள் மிகுதியாகக் குடித்த களைப்பு பலருக்கு. மருத்துவரான எரிக்சிமாக்கஸ் வெறியின் கேட்டை எடுத்துரைக்க, அவரவர் விருப்பளவே பருகுவது என்று முடிவாயிற்று. காதலைப் பற்றி ஒவ்வொருவராகப் பேசினர். அப்போது குடித்த நிலையில் ஆல்சிபியாடிஸ் வந்தார். தம்மைத் தாமே தலைவராக்கிக்கொண்டார். மதுவைக் குளிர்விக்கும் கலத்தையே வாங்கி, ஏறத்தாழ இரண்டு லிட்டர் மதுவை முற்றாகப் பருகினார். பின்னர் மற்றொரு கூட்டமும் புகுந்தது. ஒழுங்கு முழுதும் கலைந்தது. கூடி அமைத்த அளவைக் கலைக்க ஒருவரே போதும்.

ஹெரோடோட்டஸ் தரும் செய்தி வேறொன்றை உணர்த்துகிறது. ஸ்பார்ட்டாவின் மன்னர் கிளியோமெனஸ் பித்துற்று இறந்ததற்கு அந்நாட்டார் கூறிய காரணம், தூதுவந்த ஸ்கித்தியரோடு பழகி நீர் கலவா மதுவைக் குடிக்கக் கற்றார் என்பதே. அயலாரின் மதுவை ஏற்பது எளிது. எம்முறையில் ஏற்பது என்பதே வினா.

கலம் ஏந்திய கைகள்

இவ்வளவும் ஆடவர் சாய்ந்திருந்த கட்டில்களின் வரலாறு. குடும்பப் பெண்களுக்கு அக்கூட்டத்தில் இடமில்லை. குழலூதும் பெண்களும் கணிகையரும் மது வார்க்கும் அடிமைச் சிறுவருமே அங்கிருந்தனர். ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகர அருங்காட்சியகத்தில், கி.மு. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரைகோஸ் ஓவியர் எனப்படுபவர் தீட்டிய கிண்ணம் ஒன்று உள்ளது. அதன் உட்புறத்தில் ஓர் இளைஞன் வாந்தியெடுக்கிறான். ஒரு பெண் அவன் தலையைத் தாங்கி நிற்கிறாள். மதுவை முற்றும் பருகியவனுக்கே அவ்வோவியம் தெரியும். அளவு தவறியபோது அதன் சுமை யார் கையில் விழுந்தது என்பதை எந்த நூலினும் அக்கிண்ணம் தெளிவாகச் சொல்கிறது.

தமிழ்க் கரையில் யவனர் மது

அந்த மத்தியதரைக் கடல் மதுவே நம் கரைக்கும் வந்தது. கி.பி. முதல் நூற்றாண்டினதாகிய பெரிப்ளூஸ் என்னும் கடற்பயண நூல், முசிறி வட்டாரத்தில் இறங்கிய பொருள்களுள் மதுவையும் குறிக்கிறது. அது மிகுதியன்று என்றும் சேர்த்தே சொல்கிறது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினரும் நடத்திய அகழாய்வுகளில் மதுச்சாடித் துண்டுகள் கிடைத்தன. கோஸ் தீவின் சாடி வகை அவற்றுள் உண்டு. கோஸ் மது சிறிது கடல்நீர் சேர்த்துச் செய்யப்படுவது.

பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்று 56ஆம் பாட்டில், யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த நறுந்தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி வளையணிந்த மகளிர் நாள்தோறும் தருகின்றனர். இங்கும் ஏந்தும் கை பெண்ணின் கையே. பொருநராற்றுப்படையின் பொருநனோ, கரிகாலன் அளித்த ஊனை இரவும் பகலும் தின்று, கொல்லை உழுத கொழுப்போலப் பல் மழுங்கி, உணவையே வெறுத்துத் தன் ஊர் நினைக்கிறான். வறுமையினின்று வந்தவனுக்குக் கொடையின் பெருக்கமே அலுப்பாகும் நிலையைப் புலவர் நகைப்போடும் பரிவோடும் காட்டுகிறார்.

பின்வந்த வள்ளுவர் இரு விடைகளைத் தருகிறார். மருந்து என்னும் அதிகாரத்தில் முன் உண்டது செரித்ததை அறிந்து, அளவறிந்து உண்க என்பது உணவுக்கு. கள்ளுக்கோ அளவு சொல்லாமல் கள்ளுண்ணாமை என்றே அதிகாரம் வகுத்தார். அங்கு அவர் பெற்ற தாயின் முகத்தை முன்நிறுத்துகிறார். ஈன்றவளுக்கே துன்பமாகும் களிப்பு சான்றோர்முன் என்னாகும் என்று வினவுகிறார். குடிப்பவனின் உடலை மட்டுமன்றி, அவனைக் காண நேர்பவரின் துயரையும் அவர் எண்ணினார். இதனை மறைத்துச் சங்ககாலத் தேறலை மட்டும் பெருமையாகப் பேசுவதோ, தேறலை மறைத்து அறத்தை மட்டும் பேசுவதோ முழு வரலாறாகாது. வகுப்பறையில் பலமுறை நாம் இவ்விரு பிழைகளையும் செய்கிறோம்.

இன்று பன்னாட்டு உணவு விழாக்களில் ஒரே மாலையில் பத்து நாடுகளின் சுவை கிட்டுகிறது. உணவு முதலில், இடையிடையே நீர், சிறிய கிண்ணம், போதும் என்று முன்னரே வகுத்த எண்ணிக்கை என்னும் பழைய ஒழுங்கு இன்றும் பொருந்தும். மதுவே வேண்டா என்பவரின் மறுப்பை மதித்தலும் அவ்வொழுங்கின் பகுதியே. விருந்தின் அளவை விருந்தினரின் வயிற்றைக் கொண்டு மட்டும் அளத்தல் போதாது. பரிமாறிய கைகளும் அமைதியாக இல்லம் திரும்பும் அளவே நல்லளவு.