டேப்லெட்டில் மிடி சீக்வென்சர்: திருச்சி, ஸ்ரீரங்கம் இசை மாணவர்களுக்கான பயிற்சி முறை

மிடி சீக்வென்சர் ஒலியைப் பதிவு செய்வதில்லை. எந்தச் சுரம் எப்போது தொடங்க வேண்டும், எவ்வளவு அழுத்தத்தில் ஒலிக்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற கட்டளைகளை வரிசையாகச் சேமித்து, ஏதேனும் ஒரு மின்னணு வாத்தியத்துக்கு அனுப்பும் மென்பொருள் அது. வாசித்த பின்பும் சுரத்தை மாற்றலாம், காலத்தைக் கூட்டலாம், சுருதியை ஏற்றி இறக்கலாம்.

மிடி 1983-ல் வெளியிடப்பட்ட பொதுவிதி. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இகுதாரோ ககேஹாஷியும் அதற்கு முன்னின்றவர்கள். 2013-ல் இருவருக்கும் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது. தமிழ்த் திரையிசைக்கு இந்த நுட்பம் சீக்கிரமே வந்துவிட்டது. 1986-ல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ படத்தின் இசையில் இளையராஜா யமஹா சி.எக்ஸ்.5எம் என்ற இசைக் கணினியைக் கையாண்டார். ஐபேட் 2010-ல் வந்தது. அடுத்த ஆண்டே அதற்கான கராஜ்பேண்ட் வெளியானது. ஆண்ட்ராய்டு அமைப்பு தன் 6.0 பதிப்பில், 2015-ல், மிடியை ஏற்றுக்கொண்டது.

திருச்சியில் இதைக் கற்க முனைபவர் தேவாலயப் பாடற்குழுவிலோ மெல்லிசைக் குழுவிலோ கீபோர்டு வாசிப்பவராக இருக்கலாம். அல்லது ஸ்ரீரங்கத்தில் பாட்டு வாத்தியாரிடமோ, 1977-ல் தொடங்கிய கலைக்காவிரி போன்ற நிறுவனத்திலோ முறையாகச் சுரம் பயின்றவராக இருக்கலாம். முன்னவருக்குக் கருவி பழக்கம். பின்னவருக்குக் காது பழக்கம். பின்னவரே விரைவில் தேறுவார், ஏனெனில் கற்க வேண்டியவற்றில் கடினமான பகுதி காதைச் சேர்ந்தது.

கருவிச் செலவு பெரிதல்ல. ஐபேடில் கராஜ்பேண்ட் இலவசம். கியூபேசிஸ், எஃப்.எல். ஸ்டுடியோ மொபைல் இரண்டும் ஐபேடிலும் ஆண்ட்ராய்டிலும் விலைக்குக் கிடைக்கின்றன. யு.எஸ்.பி. இணைப்புள்ள சிறிய கீபோர்டை ஓ.டி.ஜி. கேபிள் வழியாக டேப்லெட்டில் இணைக்கலாம். புளூடூத் இயர்போனைத் தவிர்ப்பது நல்லது. விரல் தொட்ட கணத்துக்கும் ஒலி கேட்கும் கணத்துக்கும் இடையே அதில் தாமதம் விழும். தாளம் பிசகியது தன்னால்தான் என்று மாணவர் நினைத்துவிடுவார்.

முதல் பாடத்துக்குச் சரளி வரிசையைவிடப் பொருத்தமான ஒன்று இல்லை. மிடியில் ஒவ்வொரு சுரத்தானத்துக்கும் 0 முதல் 127 வரை ஓர் எண் உண்டு. நடு ஸ்தாயி ஒரு கட்டை 60. அதை ஆதார ஷட்ஜமாகக் கொண்டால் மாயாமாளவகௌளையின் ஆரோகணம் 60, 61, 64, 65, 67, 68, 71, 72 என்று அமையும். பியானோ ரோல் எனப்படும் கட்டத்திரையில் இதை இட்டதும், ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி கண்ணுக்கே தெரிகிறது. வேகத்தை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்துக்கொண்டு, முதல் காலத்தில் தட்டுக்கு ஒரு சுரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு என இட வேண்டும். செயலியின் கட்ட அளவுகளான 1/4, 1/8, 1/16 இவற்றுக்கே உரியவை. ஒரு கட்டையில் எழுதியதை ஐந்து கட்டையில் பாடுபவருக்காக மாற்றுவதற்கு, எல்லாச் சுரங்களையும் தேர்ந்தெடுத்து ஏழு இடம் மேலேற்றினால் போதும்.

தாளத்தில் சிக்கல் தொடங்குகிறது. கராஜ்பேண்ட் ஐபேட் பதிப்பில் 4/4, 3/4, 6/8 என்ற மூன்று அளவுகள்தாம். ஆதி தாளத்துக்கு 4/4 இரண்டு அளவு போதும். ரூபகத்துக்கு 3/4 ஒத்துவரும். மிஸ்ர சாபுவுக்கோ திஸ்ர திரிபுடைக்கோ நேரான வழி இல்லை. பகுதியின் நீளத்தை 4/4-ல் ஏழு அளவுகளாக வைத்தால் 28 தட்டுகள் கிடைக்கும். அதில் ஏழு தட்டு ஆவர்த்தனம் நான்கு அடங்கும். அப்போது செயலியின் சொந்த மெட்ரோனோமை அணைத்துவிட்டு, ஏழுக்கு ஒருமுறை ஒலிக்கும் தட்டைத் தனி டிராக்கில் இட்டுக்கொள்ள வேண்டும். சுரங்களைத் தானே கட்டத்துக்குள் இழுத்து நிறுத்தும் குவாண்டைஸ் வசதியிலும் கவனம் தேவை. சமத்துக்குத் தள்ளி எடுப்பு அமைந்த கிருதியில் 1/4 அளவைத் தேர்ந்தெடுத்தால் எடுப்பே இடம் மாறிவிடும். 1/16 பாதுகாப்பானது; ஒன்றையும் இழுக்காமல் விடுவது அதைவிட நல்லது.

கர்நாடக இசை கற்பவருக்கு உண்மையான பாடம் கமகம். தியாகராஜர் ஸ்ரீரங்கத்து ரங்கநாதர் மீது இயற்றிய ஐந்து கிருதிகளான ஸ்ரீரங்க பஞ்சரத்தினத்தில் தோடி ராகக் கிருதி ஒன்று உண்டு. தோடியின் சுரங்களை 60, 61, 63, 65, 67, 68, 70 என்று இட்டு ஒலிக்கவிட்டால் எண்கள் சரியாக இருக்கும், தோடி இருக்காது. அந்த ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதல்ல, ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே அசைவது. இதற்கு மிடியில் உள்ள வழி பிட்ச் பெண்ட் எனும் வளைவுக் கட்டளை. இது 0 முதல் 16383 வரை மதிப்புடையது, நடுநிலை 8192. வழக்கமான வீச்சு மேலும் கீழும் இரண்டு சுரத்தானம். ஆகவே 63-ஐ ஒரே நீண்ட சுரமாக இட்டு, அதன் கீழுள்ள வளைவுக் கோட்டை இறக்கி ஏற்றினால் 61 முதல் 65 வரை, அதாவது ரிஷபம் முதல் மத்திமம் வரை, முழு அசைவும் அடங்கிவிடும். கோடு சீரான அலையாக இருந்தால் சைரன் போலக் கேட்கும். மேலே சற்றுத் தங்கி, கீழே விரைந்து திரும்பும்படி வரைந்து, குருவின் குரலோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்குப் போகும் நீண்ட ஜாருவுக்கு இந்த வீச்சு போதாது; 12 ஆக உயர்த்த வேண்டும்.

இக்கட்டளை ஒரு சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சேர்த்தே வளைக்கும். தம்பூராவையும் பாட்டையும் ஒரே சேனலில் வைத்தால் சுருதியும் கூடவே ஆடும். மிடியில் 16 சேனல்கள் இருப்பதால் தம்பூராவுக்குத் தனியாக ஒன்றை ஒதுக்கலாம். விரல் ஒவ்வொன்றுக்கும் தனிச் சேனல் தரும் எம்.பி.இ. முறை 2018-ல் ஏற்கப்பட்டது. அவ்வகையில் திரையில் விரலை வழுக்கி வாசிக்கும் ஜியோஷ்ரெட் செயலியைக் கொண்டு மகேஷ் ராகவன் ஐபேடில் கர்நாடக இசை வாசித்துக் காட்டியிருக்கிறார். கோடு வரைந்து அலுத்தவர் அந்த வழியை முயலலாம். ஆனால் கமகத்தின் வடிவம் கண்ணில் பதிவதற்கு வரைந்து பழகுவதே சிறந்தது.

லயத்துக்குரிய ஒலிகளைத் தேடிச் சேர்க்க வேண்டியிருக்கும். 1991-ல் வகுக்கப்பட்ட ஜெனரல் மிடி பட்டியலில் சிதாரும் ஷெனாயும் உண்டு. மிருதங்கம், கஞ்சிரா, கடம் எதுவும் இல்லை. மிருதங்கக் கலைஞர் ஒருவரிடம் தா, தி, தொம், நம், சாபு ஆகியவற்றைத் தனித்தனியாக வாசிக்கச் சொல்லிப் பதிந்து, சாம்ப்ளரில் ஏற்றிக்கொள்வது நல்ல வழி. ஒவ்வொன்றையும் மென்மையாக ஒருமுறை, ஓங்கி ஒருமுறை எனப் பதிந்தால் ஒலி உயிரோடு இருக்கும்.

முடித்த பாடத்தை மிடி கோப்பாக எடுத்தால் அது சில கிலோபைட்தான். வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பிவிடலாம். அக்கோப்பில் வளைவு மதிப்புகள் போகும்; வீச்சு அளவைச் சில செயலிகள் எழுதுவதில்லை. 12 வீச்சில் வரைந்த ஜாரு, பெறுபவரின் கருவியில் 2 வீச்சில் ஒலித்தால் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆகவே மிடி கோப்புடன் ஒலிப்பதிவையும் சேர்த்து அனுப்பி, வீச்சின் அளவைக் கோப்பின் பெயரிலேயே குறித்துவிட வேண்டும்.