மாணவர் தொண்டும் நம் மானமும்

ஈகை என்பது ஓர் அதிகாரம். ஒப்புரவறிதல் என்பது வேறோர் அதிகாரம். வள்ளுவப் பெருந்தகை இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்தாரேயன்றி ஒன்றாகக் கலந்துவிடவில்லை. இல்லார்க்கு உள்ளவர் கொடுப்பது ஈகை. ஓரூரில் வாழ்வோர் ஒருவருக்கொருவர் கடமையாகச் செய்வது ஒப்புரவு. மாணவர்கள் நிதி திரட்டுவதையும் தொண்டு புரிவதையும் பற்றி எண்ணப் புகும் நாம் இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்துதல் வேண்டும். ஏனெனில், நம் மக்கள் நெடுங்காலமாகப் பெறுவோர் வரிசையில் மட்டுமே வைத்துப் பார்க்கப்பட்டனர். வரலாறோ வேறு கதை சொல்கிறது.

மயிலாடியில் வாழ்ந்த நம்மவரான மகாராசன் வேதமாணிக்கத்தின் அழைப்பை ஏற்று, ரிங்கல்தௌபே ஐயர் 1806-இல் தென்திருவிதாங்கூருக்கு வந்தார். அவ்வழியே லண்டன் மிஷன் சங்கத்தின் கல்விப்பணி இங்கே வேரூன்றியது. 1819-இல் வந்த மால்ட் ஐயரின் துணைவியார் மார்த்தா அம்மையார், நாகர்கோவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியில் ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். ரேந்தை விற்ற பணம் பள்ளிக்கு உதவியது. அதனினும் பெரிய செய்தி ஒன்றுண்டு. அடிமைகளாய் இருந்த பெண்கள் சிலர், தம் விரல்களால் ஈட்டிய அப்பணத்தைக் கொடுத்துத் தம் விடுதலையைத் தாமே வாங்கினர். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டதோ 1855-இல்தான்.

அதே லண்டன் மிஷன் சங்கம் இங்கிலாந்துச் சிறுவர் சிறுமியரையும் நிதி திரட்டப் பழக்கியது. அவர்கள் காசு காசாகச் சேர்த்த ஆறாயிரம் பவுனுக்கு மேற்பட்ட தொகையால் 1844-இல் 'ஜான் வில்லியம்ஸ்' என்னும் கப்பல் தென்கடல் தீவுகளுக்குச் செல்லக் கட்டப்பட்டது. போற்றத்தக்க செயலே! ஆயினும், கப்பல் வாங்கிய பிள்ளைகளைக் கொடையாளர் என்று போற்றும் நாம், தம்மையே மீட்டுக்கொண்ட நாகர்கோவில் பெண்களை உதவி பெற்றவர்கள் என்று மட்டும் சொல்லுதல் முறையாகுமா?

1956 வரை நம் பகுதி திருவிதாங்கூரோடு இணைந்திருந்தது. அந்நாட்டில் மகாத்மா அய்யன்காளி 1904-இல் வெங்ஙானூரில் நம் பிள்ளைகளுக்கெனப் பள்ளி எழுப்பினார். அது எரிக்கப்பட்டது, மீண்டும் எழுப்பினார். 1907-இல் சாதுஜன பரிபாலன சங்கம் கண்டார். பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு திறக்கும்வரை வயலில் இறங்கோம் என உழவுத் தொழிலாளர்கள் உறுதி பூண்டனர். அடுப்புகள் அணைந்தன. அப்போது விழிஞ்ஞம் கடற்கரை மீனவர்கள் நம்மவரைத் தம் வள்ளங்களில் சேர்த்துக்கொண்டு, பிடித்த மீனில் பங்கு கொடுத்தனர். இதுவன்றோ ஒப்புரவு!

நாட்டு விடுதலைக்குப்பின், 1949 முதல் டிசம்பர் 7-ஆம் நாள் கொடிநாளாயிற்று. இளஞ்செஞ்சிலுவைச் சங்கம் பள்ளிதோறும் பரவியது. காந்தியடிகள் நூற்றாண்டான 1969-இல் நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கி, பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. நாமும் இவற்றில் பயின்றவரே. ஆனால் நாம் படித்த பள்ளி ஒன்றில் தொண்டு நாள் வந்தால், பிற மாணவர் கையில் உண்டியலும் நம் கையில் துடைப்பமும் கொடுக்கப்பட்டன. தூய்மைப்பணி இழிவன்று, அதனைப் பிறப்பு பார்த்துப் பங்கிடுவதே இழிவு. அன்று வாய்திறக்க அஞ்சினோம். இன்று தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்திருப்பதால், அதைச் சொல்லாமல் விடுதல் தவறாகும்.

2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கிக் குளச்சல், கொட்டில்பாடு முதலிய ஊர்களைச் சிதைத்தது. மணக்குடிப் பாலத்தையும் பெயர்த்தெறிந்தது. அப்போது நம் மாணவர்கள் குடியிருப்பில் வீடு வீடாகச் சென்று பிடியரிசி கேட்டனர். அன்றாடக் கூலி பெறும் தாய்மார்களும் இல்லையெனாது இட்டனர். அம்மூட்டைகள் கடற்கரை சென்றபோது, நூறாண்டுகளுக்கு முன் வள்ளத்தில் இடம் தந்தவர்களின் கடனில் ஒரு பிடியேனும் தீர்ந்தது என்று மகிழ்ந்தோம்.

ஆதலின் நம் சங்கத்து இளைஞர்களுக்குச் சில சொல்வோம். மாணவரை நிதி திரட்ட அனுப்புங்கள், ஆனால் கட்டாயப்படுத்தாதீர்கள். குறைவாகத் திரட்டியவனைப் பிறர் முன் நாணச் செய்யாதீர்கள். இரசீது இன்றி ஒரு காசும் வாங்க வேண்டா. திரட்டிய பணத்தை மாணவர்களே எண்ணிக் கணக்கெழுதிக் கூட்டத்தில் படிக்கட்டும். கணக்கைக் கையாளக் கற்றவனை எவரும் ஏய்க்க இயலாது. துடைப்பம் முறை வைத்து எல்லார் கைக்கும் வரட்டும்; ஆசிரியர் கைக்கும் வரட்டும். உதவி பெறும் பிள்ளையும் கொடுக்கும் வரிசையில் ஒருநாள் நிற்கட்டும்.

வாங்கிய கை வழங்கும் கையாகவும் நிமிர்வதே நம் சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டு உழைப்பிற்குப் பயனாகும். வளர்க கல்வி! ஓங்குக ஒப்புரவு!