சர்க்கரைப் பூவும் ஈரக்காற்றும்



வீட்டில் கேக் செய்து விற்கும் நம் பிள்ளைகள் சிலர் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். கேக்கை ஒரே நாளில் செய்துவிடலாம். அதன்மேல் வைக்கும் ஐசிங் பூவை அப்படிச் செய்ய முடியாது. ஒவ்வோர் இதழாகச் செய்து, காயவைத்து, விசேஷ நாள் வரும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அப்படிப் பத்திரப்படுத்துவதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இன்று அதைச் சொல்கிறேன்.

ஈரான், துருக்கி மலைப்பகுதிகளில் ஒரு முட்புதர் வளர்கிறது. அதன் பிசினுக்கு டிரகாகாந்த் என்று பெயர். நம்மூர் பாதாம் பிசினைப் போலவே தண்ணீரில் ஊறினால் உப்பிக்கொள்ளும். பொடித்த சர்க்கரையை அதனுடன் சேர்த்துப் பிசைந்தால் சப்பாத்தி மாவுபோல மெல்லிசாகத் தேய்க்கலாம், எந்த வடிவமும் செய்யலாம். காய்ந்தபின் பீங்கான்போல விறைத்துவிடும்.

1555இல் வெனிஸ் நகரில் வெளிவந்த ஒரு புத்தகத்தில் இதன் செய்முறை இருக்கிறது. ஆசிரியர் பெயர் பியத்மாந்து அலெக்சிஸ் என்று போட்டிருக்கிறது. இந்தச் சர்க்கரை மாவில் தட்டும் கிண்ணமும் செய்து, விருந்து முடிந்ததும் அவற்றையே உடைத்துத் தின்னலாம் என்கிறார். 1602 வாக்கில் லண்டனில் ஹியூ பிளாட் என்பவர் சீமாட்டிகளுக்காக எழுதிய நூலிலும், முயல், புறா முதலியவற்றை அச்சில் வார்ப்பதற்கு இதே மாதிரி மாவு வருகிறது.

அந்தக் காலத்து ஆங்கில நூல்கள் செய்முறையோடு நின்றுவிடுவதில்லை. இளஞ்சூட்டில் உலர்த்து, பெட்டியில் அடுக்கு, கணப்பின் சூடு படும் இடத்தில் வை என்றும் சொல்கின்றன. இங்கிலாந்து ஈரமான நாடு. சர்க்கரையோ காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். மழைக்காலத்தில் கற்கண்டு டப்பாவைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று நமக்கே தெரியும்.

பின்னாளில் முட்டை வெள்ளைக்கருவும் ஐசிங் சுகரும் சேர்த்து அடிக்கும் ராயல் ஐசிங் பரவியது. கூம்புப் பையில் போட்டுப் பிழிந்து பூ செய்தார்கள். இது எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. இங்கிலாந்தில் பேசிங்ஸ்டோக் என்ற ஊரில், 1898இல் ஒரு பேக்கரிக்காரர் அடுக்குத் திருமணக் கேக் ஒன்று செய்தார். அது 1964 வரை கடைக் கண்ணாடியில் காட்சிக்கு இருந்தது. இப்போது அதே ஊர் வில்லிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெள்ளை ஐசிங் பழுப்பாகிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த அதிர்ச்சியில் ஏற்பட்ட விரிசல் இன்றும் தெரிகிறது. ஆனாலும் நூறு வருடத்துக்கு மேலாகியும் கேக் உருக்குலையவில்லை.

அதே போர்க்காலத்தில் அந்த நாட்டில் ஐசிங்குக்கே தடை வந்தது. 1940 ஜனவரியில் சர்க்கரைக்கு ரேஷன் வந்தது. அந்த ஆகஸ்டில், கேக்கின் மேல் ஐசிங் பூசுவதே குற்றம் என்று அரசு உத்தரவு போட்டது. அதற்காகக் கல்யாணங்கள் நின்றுவிடுமா? அட்டையிலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸிலும் அடுக்குக் கேக் மாதிரி மூடி செய்து வாடகைக்குக் கொடுத்தார்கள். புகைப்படத்தில் பார்த்தால் பெரிய வெள்ளைக் கேக். மூடியைத் தூக்கினால் உள்ளே சின்னதாக ஒரு கேக். சர்க்கரை ரேஷன் முழுதாக நீங்கியது 1953 செப்டம்பரில்தான். நடுவில் 1947இல் இளவரசி எலிசபெத்தின் திருமணத்துக்கு 9 அடி உயரக் கேக் செய்தபோது, ஆஸ்திரேலியச் சாரணச் சிறுமிகள் பொருள்கள் அனுப்பி உதவினார்கள்.

இலங்கையில் இருக்கும் நம் உறவுகளுக்கு இது புதிதாகத் தோன்றாது. அங்கே கல்யாண மண்டபத்தில் நிற்கும் கேக் ஸ்ட்ரக்சர் பெரும்பாலும் அலங்காரத்துக்குத்தான். விருந்தினர் கைக்கு வருவது தனியாகச் சுற்றிவைத்த துண்டு.

சரி, இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் என்ன?

ஈரம்தான் முதல் எதிரி. பூவை நன்றாகக் காயவிடுங்கள். மேலே காய்ந்தாலும் அடியில் ஈரம் நிற்கும், திருப்பிப் போட்டுக் காயவையுங்கள். பிறகு டிஷ்யூ பேப்பர் விரித்த அட்டைப்பெட்டியில் ஒன்றோடொன்று உரசாமல் அடுக்குங்கள். அரைகுறையாகக் காய்ந்த பூவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தால் உள்ளிருக்கும் ஈரமே அதைக் கெடுத்துவிடும். நம் ஐப்பசி கார்த்திகை மழையில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவது நல்லது. அது பூவில் படாமல் இருக்கட்டும், சாப்பிடும் பொருளோடு கலந்துவிடவும் கூடாது.

ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். குளிர்ந்த பாட்டிலை வெளியே எடுத்ததும் வியர்க்கிறதல்லவா? பூவுக்கும் அதேதான் நடக்கும். இதழ் பிசுபிசுத்துத் தொங்கிவிடும். வெண்ணெய் க்ரீம் பூக்கள் வேறு வகை. அவற்றுக்குத்தான் குளிர் வேண்டும்.

அடுத்த எதிரி வெளிச்சம். சிவப்பும் ஊதாவும் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், ஆகவே பெட்டியை மூடி இருட்டில் வையுங்கள். எண்ணெய்க் கை படக் கூடாது, எண்ணெய்ப் பசை ராயல் ஐசிங்கை இளக்கிவிடும். கம்பி வைத்த பூவை நேராகக் கேக்கில் குத்தாதீர்கள். அது பார்க்க மட்டும்தான் என்று வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரு ரோஜாவுக்கு எத்தனை இதழ், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்று செய்கிறவருக்குத்தான் தெரியும். ஈரத்தில் ஒரு பெட்டி போனால் இரண்டு மூன்று ராத்திரி உழைப்பு போனது மாதிரி. கூலியைக் கணக்குப் போடும்போது பூவுக்கான நேரத்தையும் சேர்த்தே போடுங்கள், கூச்சப்பட வேண்டாம். பெட்டியின்மேல் செய்த தேதியை எழுதி ஒட்டுங்கள்.

உங்கள் ஊர் மழைக்காலத்தில் நீங்கள் பூவை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கும் உதவும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்