மேயரைத் தேர்ந்தெடுப்பது நீங்களா, கவுன்சிலர்களா? மாநகராட்சித் தேர்தல் ஒரு விளக்கம்

2024 ஜனவரி 30. சண்டிகர் மாநகராட்சியில் மேயர் தேர்தல். மொத்தமே 36 ஓட்டு. ஆம் ஆத்மி - காங்கிரஸ் கூட்டணி கையில் 20, எதிரே பாஜக பக்கம் 16. யார் ஜெயிப்பார் என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை. ஆனால் வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டவர், 16 ஓட்டு வாங்கியவர்.

எப்படி? கூட்டணி வேட்பாளருக்கு விழுந்த 8 ஓட்டுகள் செல்லாது என்று தேர்தலை நடத்திய அதிகாரி அறிவித்துவிட்டார். அவரே வாக்குச்சீட்டுகளில் பேனாவால் குறியிடுவது கேமராவில் பதிவாகியிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. பிப்ரவரி 20 அன்று அந்த 8 ஓட்டுகளும் செல்லும் என்று சொன்ன நீதிமன்றம், கூட்டணி வேட்பாளர் குல்தீப் குமாரை மேயராக அறிவித்தது.

வீடியோ நாடு முழுக்கப் பரவியது. ஆனால் ஒரு அடிப்படைக் கேள்வியைப் பலரும் கேட்கவில்லை. ஒரு நகரத்தின் மேயரை ஏன் வெறும் 36 பேர் முடிவு செய்கிறார்கள்?

மேயர் தேர்தல் எப்படி நடக்கிறது?

1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம்தான் இன்றைய மாநகராட்சிகளுக்கு அடித்தளம். வார்டு கவுன்சிலர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள் பெண்களுக்கு, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல், அதை நடத்த மாநிலத் தேர்தல் ஆணையம் என்றெல்லாம் சொல்லும் அந்தத் திருத்தம், மேயரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை மட்டும் மாநிலச் சட்டங்களிடம் விட்டுவிட்டது.

அதனால் ஊருக்கு ஊர் முறை மாறுகிறது. உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட், ஜார்க்கண்ட், ஹரியானா போன்ற மாநிலங்களில் மேயருக்கு மக்களே நேரடியாக ஓட்டு போடுகிறார்கள். பிகாரும் ஒடிசாவும் 2022-ல் இந்த வரிசையில் சேர்ந்தன. மகாராஷ்டிரா, குஜராத், கேரளா, மேற்கு வங்கம், டெல்லி, சண்டிகரில் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1996-ல் மேயர் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2022-ல் கவுன்சிலர்கள் மூலமாக.

பதவிக்காலமும் ஒன்று போல இல்லை. கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் 5 ஆண்டு. மகாராஷ்டிராவில் இரண்டரை ஆண்டு. டெல்லியிலும் சண்டிகரிலும் ஒரே ஒரு ஆண்டு. அதாவது மக்கள் ஒருமுறை ஓட்டு போட்டால், அதை வைத்து ஐந்து முறை மேயர் தேர்தல் நடக்கும்.

சிக்கல் எங்கே இருக்கிறது?

மறுபடியும் சண்டிகருக்கு வருவோம். எண்களை வரிசையாகப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

2021 டிசம்பரில் மக்கள் ஓட்டு போட்டார்கள். 35 வார்டுகளில் ஆம் ஆத்மி 14, பாஜக 12, காங்கிரஸ் 8, அகாலி தளம் 1. அந்த ஊர் எம்.பி.க்கும் மேயர் தேர்தலில் ஓட்டு உண்டு. ஆக 36.

2022 ஜனவரி: அதிக இடம் வென்ற ஆம் ஆத்மி தோற்றது. ஒரு சீட்டு செல்லாமல் போக, பாஜக ஒரு ஓட்டில் ஜெயித்தது.

2023 ஜனவரி: பாஜக 15, ஆம் ஆத்மி 14. மறுபடியும் ஒரு ஓட்டு.

2024: மேலே பார்த்தோம்.

2025 ஜனவரி: கூட்டணிக்கு 20 ஓட்டு இருந்தது. பெட்டியைத் திறந்தால் 17. பாஜக வேட்பாளர் 19 வாங்கி மேயரானார். மூன்று பேர் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். ரகசிய வாக்கெடுப்பு என்பதால் யார் அந்த மூன்று பேர் என்று வார்டு மக்களுக்கே தெரியாது.

இதற்குப் பிறகு விதி மாற்றப்பட்டு, ரகசிய ஓட்டுக்குப் பதிலாகக் கை தூக்கும் முறை கொண்டுவரப்பட்டது.

கட்சி தாவினால் பதவி போகாதா என்று நீங்கள் கேட்கலாம். எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கு இருக்கும் கட்சித் தாவல் தடை, அதாவது அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணை, கவுன்சிலர்களுக்குப் பொருந்தாது. மகாராஷ்டிரா, கேரளா போன்ற சில மாநிலங்கள் இதற்குத் தனிச் சட்டம் வைத்திருக்கின்றன. எல்லா ஊரிலும் அது இல்லை.

டெல்லியில் பிரச்சினை வேறு மாதிரி வந்தது. 2022 டிசம்பர் தேர்தலில் 250 வார்டுகளில் 134-ஐ ஆம் ஆத்மி பிடித்தது. ஆனால் துணைநிலை ஆளுநர் நியமித்த 10 உறுப்பினர்களுக்கு ஓட்டு உண்டா என்ற சண்டையில் மேயர் தேர்தல் மூன்று முறை நின்றுபோனது. நியமன உறுப்பினர்கள் ஓட்டு போட முடியாது என்று 2023 பிப்ரவரி 17-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே வாக்கெடுப்பு நடந்தது. ஷெல்லி ஓபராய் 150-க்கு 116 என்று வென்றார். மக்கள் ஓட்டு போட்டு இரண்டரை மாதம் கழித்துத்தான் டெல்லிக்கு மேயர் கிடைத்தார்.

அப்போ, நேரடித் தேர்தல்தான் தீர்வா?

பாதிதான். நேரடித் தேர்தலில் பேரம் பேச வழி குறைவு. மேயர் யார் என்று ஓட்டு போடும்போதே தெரியும். ஆனால் மேயர் ஒரு கட்சி, கவுன்சிலர்களில் பெரும்பான்மை வேறு கட்சி என்று வந்துவிட்டால் தீர்மானங்கள் மாட்டிக்கொள்ளும். இன்னொன்று, முறையை மாற்றுவது ஆளும் கட்சியின் வசதியைப் பொறுத்ததாகவும் ஆகிவிட்டது. சத்தீஸ்கர் 2019-ல் மறைமுகத் தேர்தலுக்குப் போனது. ஆட்சி மாறியதும் 2025-ல் நேரடிக்குத் திரும்பியது.

அதைவிட முக்கியமானது அதிகாரம். நம் நாட்டின் பெரும்பாலான மாநகராட்சிகளில் நிர்வாக அதிகாரம் மாநில அரசு அனுப்பும் கமிஷனரிடம் இருக்கிறது. மேயர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார். அதிகாரிகளை வேலை வாங்கும் அதிகாரம் அவருக்குக் குறைவு. கொல்கத்தா போல மேயரும் அவரது குழுவும் அமைச்சரவை மாதிரி இயங்கும் ஏற்பாடு சில இடங்களில்தான் உண்டு.

தேர்தலே நடக்காவிட்டால்?

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை. ஐந்து ஆண்டு முடிவதற்குள் தேர்தல் நடந்தாக வேண்டும் என்பது அரசியல் சட்டம். 2006-ல் அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

ஆனாலும் மும்பையில் 2022 மார்ச்சில் கவுன்சிலின் காலம் முடிந்தது. அடுத்த வாக்குப்பதிவு 2026 ஜனவரி 15 அன்றுதான் நடந்தது. இடஒதுக்கீடு வழக்கும் வார்டு எல்லைப் பிரச்சினையும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. 227 வார்டு கொண்ட நகரம். 2025-26 பட்ஜெட் மட்டும் 74,000 கோடி ரூபாய்க்கு மேல். அதைப் போட்டது மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் அல்ல, அரசு நியமித்த நிர்வாகி.

பெங்களூருவில் 2020 செப்டம்பரில் 198 கவுன்சிலர்களின் காலம் முடிந்தது. 2025 செப்டம்பரில் அந்த மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்தபோதும், அதற்கு ஒரு தேர்ந்தெடுத்த கவுன்சில் இருக்கவில்லை. ஒரு முழுப் பதவிக்காலம் அப்படியே போய்விட்டது.

வாக்காளர் எதைப் பார்க்க வேண்டும்?

உங்கள் ஊரில் மாநகராட்சித் தேர்தல் வரும்போது நான்கு கேள்விகளுக்குப் பதில் தெரிந்துகொள்ளுங்கள். மேயரைத் தேர்ந்தெடுப்பது யார்? அவருக்கு எத்தனை ஆண்டு? கட்சி மாறும் கவுன்சிலரின் பதவி பறிபோகுமா? இப்போதைய கவுன்சிலின் ஐந்து ஆண்டு எந்தத் தேதியில் முடிகிறது?

கடைசிக் கேள்வியைக் காலண்டரில் குறித்து வைப்பது நல்லது. அந்தத் தேதி தாண்டிவிட்டால், சாக்கடை அடைத்துக்கொண்டது என்று போய்ச் சொல்ல உங்கள் வார்டுக்கு ஒரு கவுன்சிலர்கூட இருக்க மாட்டார்.