ஆறாப் புண்ணும் ஆற்றும் கரமும்

புற்று நோய் தோலைத் துளைத்துப் புண்ணாக வெளிப்படும்போது நோயாளியை வாட்டுவது வலி மட்டுமன்று. புண்ணின் நாற்றமும் வாட்டுகிறது. பெற்ற மக்களும் முகம் திருப்புகின்றனரோ என்னும் நாணம், உயிருள்ளபோதே அவரைத் தனிமைச் சிறையில் அடைத்துவிடுகிறது. அச்சிறையைத் திறந்தவர்களின் வரலாறு ஒன்று உண்டு.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில், புற்று நோய் தொற்றிப் பரவும் என்று அமெரிக்காவிற் பலர் அஞ்சினர். நாவலாசிரியர் நதானியல் ஹாதார்னின் மகள் ரோஸ், 1896இல் நியூயார்க் நகரப் புற்று நோய் மருத்துவமனையில் பயிற்சி பெற்று, ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பகுதியிலேயே குடியேறினார். கைவிடப்பட்டோரின் புண்களைத் தம் கையாற் கழுவிக் கட்டினார். நோயைத் தீர்க்க அவரால் இயலவில்லை. நோயாளியை ஒதுக்கிவைத்த அச்சத்தை அவர் வென்றார்.

நம் நாட்டில் 1941இல் பம்பாய்ப் பரேலில் டாட்டா நினைவு மருத்துவமனையும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையமும் தோன்றின. எனினும், குணமாகும் நிலையைக் கடந்தவர்க்கென்றே ஓர் இல்லம் 1986இல்தான் பம்பாய் பாந்திராவில் ‘சாந்தி அவேத்னா’ என்னும் பெயரில் எழுந்தது. 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் தொடங்கிய இயக்கம், நாளடைவில் செவிலியரை நோயாளியின் வீட்டு வாயிலுக்கே அனுப்பியது.

அவர்கள் கற்பித்த முறை எளியது. கட்டை அவிழ்ப்பதற்குச் சற்று முன்பே வலி மருந்து கொடுத்துவிட வேண்டும். ஒட்டிய துணியைக் காய்ச்சி ஆறிய உப்பு நீரால் நனைத்து மெல்ல எடுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தாற் குருதி பெருகும். புதிதாகக் கட்டும் பருத்தித் துணியை ஆவியில் அவித்துக்கொள்ளலாம். நாற்றத்திற்குப் பெரும்பாலும் காரணம், காற்றுப் புகாத இடத்தில் வளரும் நுண்ணுயிர்களே. அவற்றை அடக்குவது மெட்ரானிடசோல். 1960ஆம் ஆண்டையொட்டி வேறொரு நோய்க்கென வழக்கிற்கு வந்த மருந்து அது. மருத்துவர் சொற்படி அம்மாத்திரையைப் பொடித்துப் புண்மீது தூவிவர, சில நாட்களில் நாற்றம் தணிகிறது.

புண் ஆறுவதில்லை, ஆயினும் தாழ்வாரத்திற்குத் தள்ளப்பட்ட கட்டில் மீண்டும் கூடத்திற்கு வருகிறது. பேரக் குழந்தை அருகில் வந்து அமர்கிறது. உற்றார் தொலைவிலிருக்க, ஒற்றை அறையில் குடித்தனம் நடத்தும் வெளிமாநிலத் தமிழர்க்கு இது சிறிய செய்தியன்று. “இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை” என்று எவரேனும் கூறுவாராயின், நாள்தோறும் கட்டு மாற்றும் பணி ஒன்று எஞ்சியிருப்பதை நினைவூட்டுங்கள்.