முதியோர் நினைவும் வெப்பமானியும்

காலநிலையை மனிதன் மாற்றுகின்றானா என்னும் வினா நம் காலத்திற் பிறந்ததன்று. 18ஆம் நூற்றாண்டு வட அமெரிக்கக் குடியேற்றவாசிகளிடையே அது அன்றாடப் பேச்சாயிருந்தது. காடழித்துப் பயிரிட்டமையாற் குளிர்காலக் கடுமை தணிந்ததென அவருட் பலர் நம்பினர். அதனைத் தம் உழைப்பின் பேறாகவே கொண்டனர் (இன்றைய அச்சம் அதிலில்லை). 1770இல் ஹியூ வில்லியம்சன் இக்கருத்தை அமெரிக்க மெய்யியற் கழகத்தில் ஆய்வுரையாக வாசித்தார். தோமஸ் ஜெபர்சனோ, வேர்ஜீனியா பற்றி 1785இல் வெளியிட்ட நூலில், முன்னர் ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்று மாதம் நிலம் வெண்பனியால் மூடிக்கிடந்ததென்ற முதியோர் கூற்றைச் சான்றாக்கினார்.

1799இல் நோவா வெப்ஸ்டர் இதனை மறுத்தார். பின்னாளில் அகராதியாற் புகழ்பெற்ற அவர், பிறர் நினைவன்றி ஜெபர்சனுக்கு வேறு ஆதாரமில்லை எனச் சாடினார். கண்டனம் நியாயமானதே. எனினும், காடழிந்தபின் குளிர்காலம் நிலையற்றதாயிற்று என்பதை அவரும் ஒப்பினார். ஜெபர்சனும் வெப்பமானியை அறியாதவரல்லர். 1776 முதல் 1816 வரை வானிலைக் குறிப்பேடு பேணியவர். காடழிப்பின் விளைவையறிய நூற்றாண்டுக்கு ஓரிருமுறை அளவீடுகள் மீளச் செய்யப்படவேண்டுமென 1824இல் எழுதினார்.

நெடுங்கால அளவீடுகள் கிட்டியபோது, கோடரியினும் நிலக்கரியும் எண்ணெயுமே முதன்மைக் காரணமெனத் தெரிந்தது. 1958இல் சார்ள்ஸ் கீலிங் ஹவாயின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது பத்திலட்சத்தில் ஏறத்தாழ 315 பங்காயிருந்த காபனீரொட்சைட்டு, 2024இல் 420ஐக் கடந்திருந்தது. பொதுப்பேச்சு மட்டும் பழைய சான்றுமுறையை விடவில்லை. 2015 பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்கச் செனற் சபையில் ஜேம்ஸ் இன்ஹோஃப், வெளியிலிருந்து கொண்டுவந்த வெண்பனி உருண்டையொன்றைக் காட்டி, புவி வெப்பமேறுகின்றதென்ற கருத்தை மறுத்துரைத்தார்.