காரீயமும் குடிநீரும்

பெயரில் நேரும் மயக்கம் சில வேளைகளில் உடல்நலத்தையே தொட்டுவிடுகிறது. தமிழில் 'ஈயம்' அத்தகையதொரு சொல். ரசம் வைக்கும் ஈயச் செம்பு வெள்ளீயத்தால் ஆனது. தூண்டிலுக்கும் வலைக்கும் கட்டும் ஈயக் குண்டு காரீயம். முன்னது சமையற் பாத்திரத்துக்கு உகந்தது, பின்னது நஞ்சு. பேச்சு வழக்கிலோ இரண்டும் ஈயமே.

இம்மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. பழைய அரபு நூல்களில் 'ரஸாஸ்' என்னும் சொல் இரண்டு உலோகங்களையும் குறித்தது. வெண்மை, கருமை என்னும் அடைமொழிகளே அவற்றைப் பிரித்துக் காட்டின. வெள்ளீயத்துக்கு 'ரஸாஸ் கலயீ' என்றும் ஒரு பெயருண்டு. 'கலாஹ்' என்னும் துறைமுகத்திலிருந்து வந்தமையால் அப்பெயர் ஏற்பட்டதென்பர். அத்துறை நம் முன்னோர் கடாரம் என்றழைத்த பகுதியே என்பது அறிஞர் பலர் கருத்து. நம் வீட்டுத் தேக்சாக்களுக்குக் 'கலாய்' பூசுகிறோமே, அச்சொல்லும் இதன் வழி வந்ததுதான். இலத்தீனிலும் 'பிளம்பம்' என்ற ஒரு சொல்லே இரண்டுக்கும் பொதுவாயிருந்தது. உரோமர் நீர்க்குழாய்களைக் காரீயத்தால் செய்தமையால், குழாய் வேலை செய்பவருக்குப் 'பிளம்பர்' என்ற பெயர் இன்றளவும் நிலைத்துவிட்டது.

அக்குழாய்களின் தீமையை அக்காலத்தாரே அறிந்திருந்தனர். கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த விட்ருவியஸ் என்னும் உரோமக் கட்டடக் கலைஞர், காரீய வேலை செய்வோரின் உடல் வெளிறிப்போவதைச் சுட்டிக்காட்டி, மண்குழாய் வழி வரும் நீரே நலந்தரும் என்று எழுதினார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், மருத்துவ மேதை இப்னு ஸீனா (980–1037) தமது 'அல்கானூன் ஃபித் திப்' என்னும் நூலில், காரீயக் குழாய் வழி வரும் நீர் அவ்வுலோகத்தின் தன்மையை ஏற்றுக் குடற்புண்ணை விளைவிக்கும் என எச்சரித்தார்.

இவற்றை அறிந்த பின்னும், 'நமக்கு என்ன கவலை? பேரருவியாய் விழும் சிற்றாறு நம் தென்காசி வழியே ஓடுகிறது, மலைநீர் தூய்மையானதன்றோ!' என்று நாம் எண்ணக்கூடும். மலைநீர் தூயதென்பது மெய். ஆயினும் பாறை மலைகளிலிருந்து இறங்கும் நீர் பெரும்பாலும் மென்னீர். சுண்ணாம்புச் சத்துக் குறைந்தது. கடின நீர் குழாயின் உட்புறத்தில் உப்புப் படிவை உண்டாக்கி ஓரளவு தடுப்பாக நிற்கும். மென்னீருக்கு அத்தடுப்பு இல்லை. அது உலோகத்தை எளிதில் கரைக்கும்.

இதற்கு ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரம் சான்று. 1859ஆம் ஆண்டு, மலைநடுவே உள்ள கேட்ரின் ஏரியின் தெளிந்த மென்னீரை அந்நகருக்குக் கொண்டுவந்தனர். நகர மக்கள் பெரும்பயன் பெற்றனர். ஆனால் வீடுகளுக்குள் இருந்தவை காரீயக் குழாய்கள். ஏரியில் இல்லாத நஞ்சு வீட்டுக் குழாயில் சேர்ந்தது. 1978இல் நீரில் சுண்ணாம்பும், 1989இல் பாஸ்பேட்டும் சேர்க்கத் தொடங்கிய பின்னரே மக்களின் இரத்தத்தில் காரீயம் குறைந்தது.

நம் நாட்டில் இவ்வாபத்து வேறு உருவில் வந்தது. பி.வி.சி. குழாய் தயாரிக்கையில் வெப்பத்தால் சிதையாதிருக்கக் காரீய உப்புகளைச் சேர்க்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அதனைக் கட்டுப்படுத்த மத்திய அரசு விதிகளை வெளியிட்டது 2021இல்தான். அதற்கு முன் பதித்த குழாய்கள் எத்தனையோ வீடுகளில் இன்றும் இருக்கின்றன. பித்தளைக் குழாய்த் திருகுகளிலும், பற்றவைத்த இணைப்புகளிலும் காரீயம் கலந்திருக்கக்கூடும்.

காரீயத்துக்குச் சுவையில்லை, மணமில்லை, நீரில் நிறமுமில்லை. குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே அது முதலில் தாக்குகிறது. இந்தியத் தர அளவு, ஒரு லிட்டர் குடிநீரில் 0.01 மில்லிகிராமுக்கு மேல் காரீயம் கூடாதென்கிறது. தீங்கற்ற அளவென்று எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று. காய்ச்சினால் கிருமி சாகும், காரீயம் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு மிகுமேயன்றிக் குறையாது.

இல்லத்தார் செய்யத்தக்கவை எளியவை. இரவெல்லாம் குழாயில் தேங்கிய நீரைக் காலையில் செடிகளுக்கும் கழுவுவதற்கும் விட்டுவிட்டுப் பின் வருவதைக் குடிக்கப் பிடிக்கலாம். வெந்நீர்க் குழாயின் நீரைச் சமையலுக்குக் கொள்ளலாகாது. புதிய குழாய் வாங்குகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன், காரீயம் சேராததா என்றும் கேட்டறிய வேண்டும். கலாய் பூசுவோர் விலை மலிவுக்காகக் காரீயம் கலக்காமல் தூய வெள்ளீயமே பூசுகிறாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஐயமிருப்பின் நீரை ஆய்வுக்கூடத்தில் சோதித்தறிவது நன்று.

இரவில் பாத்திரங்களை மூடிவைக்கவும், தண்ணீர்த் தோற்பைகளின் வாயைக் கட்டிவைக்கவும் பெருமானார் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்தார்கள். வீட்டுக்குள் வந்துவிட்ட நீரைக் காப்பது வீட்டாரின் பொறுப்பு என்பது அதில் அடங்கியுள்ளது. மலையிலிருந்து நம் ஊர்வரை நீரைத் தூய்மையாய் அனுப்புவது இறைவனின் அருட்கொடை. வாசலிலிருந்து குழந்தையின் குவளைவரை அதே தூய்மையுடன் சேர்ப்பிப்பது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.